நம் வார்டின் டோங்கி

சிப்பிக்காடி, பாராடாங்.
9-2-1975

அன்புள்ள அத்தானுக்கு,

மங்கை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மா சுகம். கேம்பல் பேயில் உங்களுக்கு வந்த காய்ச்சல் விட்டதா? ரோட்டு வேலையில் மழையில் நனையாதீர்கள்.

உங்கள் முன்னால் நான் நின்று பேசியதே இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். அடுத்த கப்பலில் நீங்கள் வந்து நம் வார்டுத் தேர்தலுக்கு மனுப் போடவேண்டும் என்று பக்தவத்சலம் மாமா உங்களுக்கு எழுதியிருக்கிறாராம். மகன் உங்களையே நிறுத்தப்போவதாகக் கடையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். நீங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் இது கிடைக்கவேண்டும்.

தெரிந்த கதையையே எழுதுகிறாள் என்று கோபிக்காதீர்கள். வரிசையாகப் போனால்தான் எனக்கு எழுத வரும். முதல் தேர்தலில் மாமாவை எதிர்த்து யாருமில்லை. இன்ஜின் படகான பஞ்சாயத்து டோங்கி வார்டு மெம்பர் பொறுப்பில் இருக்கட்டும் என்று அப்போதுதான் முடிவானது. இரண்டாவதில் எங்கள் அப்பா நின்று தோற்றார். மறுநாளிலிருந்து டோங்கி எங்கள் துறையில் ஒதுங்கவில்லை. நான் ஸ்கூல் பையோடு கையைக் காட்டிக்கொண்டு நிற்பேன். உள்ளே இருக்கும் பிள்ளைகள் "வோட் நஹீ, போட் நஹீ" என்று கத்திக்கொண்டே போவார்கள். ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. ஒருநாள் அதில் நீங்களும் இருந்தீர்கள். நீங்கள் கத்தவில்லை. என்னைப் பார்க்கவுமில்லை.

பிறகு பெரியவர்கள் கூடி, எங்கள் இந்திராணி அக்காவை உங்களுக்குக் கட்டிவைத்தால் பகை தீரும் என்றார்கள். அடுத்த முறை அப்பாவுக்கு விட்டுக்கொடுப்பதாக மாமா பந்தலில் வைத்துச் சொன்னார். தேர்தல் வந்ததும் அவரே நின்றார். அப்பா ஜெயித்தார். இப்போது டோங்கி உங்கள் துறையில் நிற்பதில்லை.

குழந்தை விஷயமாக மாமா உங்களுக்கு என்ன எழுதினாரோ தெரியாது. நான் பார்த்ததை எழுதுகிறேன். அன்று காலை அப்பாவோடு நானும் டோங்கியில் இருந்தேன். கீரைக்கட்டுகளை ஜெட்டிக்குக் கொண்டுபோனேன். உங்கள் துறையில் அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி வந்திருந்தார்கள். அவளுக்கு வலி கண்டிருந்தது. அத்தை எங்களைப் பார்த்துத் துண்டை வீசிக்கொண்டிருந்தார்கள். மாமா கையைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் நின்றார்.

அப்பா இன்ஜினை அணைக்கச் சொன்னார். டோங்கி உப்பங்கழியின் நடுவில் ஆடிக்கொண்டு நின்றது.

"அவரு வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்கட்டும். இப்பவே ஒதுக்கச் சொல்றேன்" என்றார்.

மாமாவுக்கும் அது கேட்டது. அவர் அத்தையைப் பார்த்துச் சொன்னார், "ஓட்டுல தோத்தது போதும். போட்டுக்கும் இவன் கால்ல விழணுமாக்கும்?"

அக்கா மட்டும் "அப்பா" என்று கூப்பிட்டாள். நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து, அக்காவை ஏற்றிக்கொள்ளலாம் என்று சொன்னேன். "ஒனக்கு எப்ப வாய் மொளச்சுது?" என்றார். பிறகு டிரைவரிடம் "சலோ" என்றார்.

மதியத்துக்கு மேல்தான் ஒரு மீன்காரர் துடுப்பு டோங்கியில் அக்காவை ஏற்றிக்கொண்டார். பாதி வழியில், மீன்கூடைகளுக்கு நடுவில் பிறந்தது. பெண். அழவில்லை. மூச்சும் இல்லை.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன், அத்தான். மாமா இப்போது ஓட்டுக் கேட்கப் போகும் இடத்துக்கெல்லாம் அக்காவை அழைத்துப்போகிறார். பெஞ்சில் முன்னால் உட்காரவைக்கிறார். பால் கட்டி ரவிக்கை நனைந்திருக்கிறது. போர்த்திக்கொள்ளப் போனால், "மூடாதம்மா, எல்லாரும் பாக்கட்டும்" என்கிறார். பார்த்த பெண்கள் அழுகிறார்கள். ஓட்டு அந்தப் பக்கம் சாய்கிறது. எங்கள் அப்பாவின் ஆட்கள் டீக்கடையில், அந்தப் பிள்ளைக்கு ஓட்டு வர இன்னும் இருபத்தொரு வருஷம் ஆகுமே, அதற்குள் போட்டுக்கு என்ன அவசரம் என்று சிரிக்கிறார்கள். அப்பாவும் அங்கேதான் இருந்தார். டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

நீங்கள் நின்றால் ஜெயிப்பீர்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதுதான் பயம். ஜெயித்தால் நீங்கள் இங்கேயே இருக்கவேண்டும். அக்காவும் அந்த வீட்டிலேயே இருப்பாள். ஐந்து வருஷம் கழித்து மறுபடியும் பெஞ்சில் உட்காரவைப்பார்கள்.

அதனால் வாருங்கள், ஆனால் மனுப் போட வரவேண்டாம். ஜெட்டியில் மாலையோடு நிற்பார்கள். அதற்குத் தலை குனிந்துவிடாதீர்கள். நேராக அக்காவிடம் போய், அந்தக் கப்பலிலேயே கேம்பல் பேக்குக் கூட்டிப்போய்விடுங்கள். தன்னைக் கூட்டிப்போகச் சொல்லி அவளாகக் கேட்கமாட்டாள். அன்றிலிருந்து தண்ணீர்கூட யாரிடமும் கேட்பதில்லை. அவள் கேட்கட்டும் என்று மட்டும் நீங்கள் காத்திருக்காதீர்கள், அத்தான்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஒரு குறையும் வராமல் கடவுள் காக்கட்டும்.

கப்பலை எதிர்பார்த்திருக்கும்,
மங்கையர்க்கரசி