வாயை மூடிச் சிரிக்கும் பாப்பா

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது. நீ நலம் என்று போனில் தெரிகிற முகமே சொல்கிறது, கன்னம்கூடப் பூசினாற்போல் ஆகியிருக்கிறது, சந்தோஷம். இங்கே நான், உன் அம்மா, மருமகள், பேரன் சின்னவன் எல்லோரும் சுகம். பாப்பாவும் சுகம் என்று எழுத மட்டும் கை வரவில்லை. போனில் சொன்னால் லைன் சரியில்லை என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

போன மாதம் பாப்பா பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியதை உன்னிடம் சொல்லிச் சிரித்தாளே, நீ என்ன சொன்னாய்? "ஒழுங்கா பல் தேய்க்கிறியா இல்லையா, பழுப்பும் திட்டுமா பாக்கவே சகிக்கல, வாய மூடிக்கிட்டு சிரி" என்றாய். உனக்கு அது போகிறபோக்கில் ஒரு வார்த்தை. ஒன்பது வயசுப் பிள்ளைக்கு அது பெற்றவன் சொல். மறுநாள் என் தையல் கடையில், துணி போட்டுப் பார்க்கிற தடுப்புக்குள் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, பாத்திரம் தேய்க்கிற பவுடரைப் பல்லில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். ஈறெல்லாம் ரத்தம். பிளவுஸ் போட்டுப் பார்க்க வந்த அம்மாள் திரையை விலக்கிப் பார்த்துக் கத்திவிட்டாள்.

பல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம். பார்த்ததுமே "தினமும் நல்லா தேய்க்கிற பல்லுதாங்க இது, அழுக்கே இல்ல" என்றார். தண்ணீரில் ஃபுளோரைடு அளவுக்கு மீறி இருந்து, ஈறுக்குள் பல் உருவாகிற வயசில் பிள்ளை அதைக் குடித்தால் கறையும் பல்லோடு சேர்ந்தே உருவாகுமாம். என் தொழில் பாஷையில் சொன்னால், குழம்பு சிந்திய கறை இல்லை, நூலிலேயே ஏறிய சாயம். எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். எந்தத் தண்ணீர்! பாப்பா பிறந்த வருஷம் நீ போட்ட போர்தான். பக்கத்து வீட்டைவிட ஆழமாகப் போடணும் என்று ஒற்றைக்காலில் நின்றாய். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றேன், "தெருக்குழாய்ல குடத்தோட நிக்கிற பொழப்பு இனி நமக்கு எதுக்குப்பா" என்றாய். தெருவே வீட்டுக்கு வீடு குழாய் வாங்கியபோதும் நமக்கு வேண்டாம் என்றுவிட்டாய். மருமகள் பாவம், அந்தத் தண்ணீரைக் காய்ச்சிக் காய்ச்சிக் கொடுத்தாள். காய்ச்சினால் கிருமிதான் சாகும், இது போகாதாம். தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தோம், டாக்டரம்மா சொன்னது சரியாகப்போயிற்று, ஆழத்துப் பாறையிலிருந்து ஃபுளோரைடு கலக்கிறதாம். உன் பல் முத்துப் பல் என்று பீற்றிக்கொள்கிறாயே, அது தெருக்குழாய்த் தண்ணீரில் வளர்ந்த பல்லடா.

வெள்ளைத் திட்டுகளை மருந்து வைத்து மெல்ல உரசி எடுத்தார். முன்பல் இரண்டில் பழுப்பு ஆழமாக இருந்ததால் பல் நிறத்திலேயே ஒரு பசையைப் பூசி நீல வெளிச்சம் காட்டி இறுகவைத்தார். நாளாக ஆக அது பெயரலாம், மறுபடி போடணும், பெரியவளான பிறகு வேண்டுமானால் உறை போட்டுக்கொள்ளலாமாம். சின்னவனுக்கு விழுந்து முளைக்கப்போகிற பற்கள் இப்போதுதான் ஈறுக்குள் உருவாகின்றன, இன்றே தண்ணீரை மாற்றுங்கள் என்றார். பேஸ்ட்டும் துளிதான் வைக்கணும், விழுங்க விடக் கூடாது. நானும் உன் அம்மாவும் இப்போது குடத்தோடு தெருக்குழாயில்தான் நிற்கிறோம். உன் கௌரவம் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

எல்லாம் முடிந்து டாக்டரம்மா பாப்பா கையில் கண்ணாடியைக் கொடுத்துச் சிரிக்கச் சொன்னார். அவள் பல்லைத் தடவிப் பார்த்தாள், சிரிக்கவில்லை. "இப்ப அப்பாகிட்ட வாயத் திறந்து பேசலாமா தாத்தா?" என்று கேட்டாள். பேசலாம் என்றேன். ஆனாலும் உன் போன் வந்தால் அவள் கை தானாக வாய்க்குப் போகிறது. அதற்கு டாக்டரம்மாவிடம் மருந்து இல்லை.

வேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். கோபத்தில் எழுதினாலும் ஆசீர்வாதத்தில் குறை வைக்க மாட்டேன், நீண்ட ஆயுளோடு நன்றாக இரு. வீடு உன் பேரில் இருப்பதால் குழாய் இணைப்புக்கு நீதான் எழுதிக் கொடுக்கணும், தள்ளிப்போடாதே. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது "எங்க, பல்லக் காட்டு" என்று மட்டும் கேட்டுவிடாதே. அவளாகக் கையை எடுக்கிறவரை காத்திரு.

இப்படிக்கு,
உன் அப்பா