அம்மாவும் சிஸ்டரும்

மகளைத் தூக்கினால் கடுகெண்ணெய் வாசம். பக்கத்து குவார்ட்டர்ஸ் பீகார்க்காரப் பெண் தேய்த்துக் குளிப்பாட்டியிருக்கிறாள். பகலெல்லாம் அவளிடம்தான் விட்டுப் போகிறேன். மாலையில் நான் கை நீட்டினால் மகள் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள். அவளைத்தான் 'மா' என்கிறாள்.

"உன்கிட்ட ஒட்டவே மாட்டேங்குறா. இனிமே அங்க விட வேணாம், கிரெச்சுல போட்டுடலாம்" என்றார் கணவர்.

உன் நினைவு வந்தது, அம்மா.

என்னைப் பெற்றவள் நர்ஸ். நாம் குடியிருந்த பிளாக் முழுவதும் அவளை சிஸ்டர் என்றது. நீயும்தான். அவள் ஷிப்ட் போனால் நான் அடுத்த வீட்டில், உன் இடுப்பில். உன் பிள்ளைகள் உன்னை அம்மா என்றார்கள், நானும் என்றேன். அவளை, ஊரோடு சேர்ந்து, சிஸ்டர் என்றேன். உனக்கு 'நீ'. அவளுக்கு 'நீங்க'.

"சிஸ்டர் வந்துட்டாங்க" என்று நான் அறிவித்ததைக் கேட்டு எதிர்வீட்டுக்காரி சிரித்தாளாம். "பெத்தவளுக்கு என்னா மரியாதை பாரு! நீயே வச்சிக்கோ இந்தப் புள்ளய."

"ஏன், ரெண்டு வூட்ல சோறு துன்னா புள்ளைக்கு வயிறு வெடிச்சிடுமா? போயி ஒன் வேலயப் பாரு" என்றாய் நீ.

சிஸ்டர் சிரிக்கவில்லை. யூனிஃபார்மோடு வாசலில் நின்றாள். நீ என்னைப் பிய்த்து அவள் கையில் தரவில்லை. என்னைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தாய். "நீங்க டீ போடுங்க சிஸ்டர். பேசிக்கினு இருப்போம்." ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்கு நான் எப்போது நகர்ந்தேன் என்று இருவரும் கவனிக்கவில்லை. தினமும் அப்படித்தான். இதெல்லாம் சிஸ்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனையைப் பற்றிப் படித்தேன். ஓர் அறை. தாய், குழந்தை, ஓர் அந்நியர். தாய் வெளியே போவாள், திரும்புவாள். குழந்தை அழுவதையும் அழாததையும் வைத்து அதன் பிணைப்புக்கு ஒரு பெயர் கொடுப்பார்கள். நாட்டுக்கு நாடு விடை மாறுகிறதாம். மாறாதா பின்னே? நம் பிளாக்கில் அந்நியராக உட்கார ஆளே கிடைத்திருக்காது.

உன் சாவு வீட்டில், பண்ருட்டியிலிருந்து வந்த உன் உறவுக்காரர் என்னைக் காட்டிக் கேட்டார்: "இது யாருங்க?"

நான் வாய் திறக்குமுன் சிஸ்டர் உன்னைக் காட்டிச் சொன்னாள். "அவங்க பொண்ணு."

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஒரு நொடியில் எனக்கு எதுவும் குறையவில்லை. அவளுக்கும்தான்.

கிரெச் வேண்டாம் என்று கணவரிடம் சொல்லிவிட்டேன். மாலையில் இப்போது நான் கை நீட்டுவதில்லை. பக்கத்து வீட்டுத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பேசுகிறேன். அவள் சிரிக்கிறாள். மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறாள்.

பார்க்கட்டும். நான் உட்கார்ந்திருக்கிறேன்.