இலக்கியத்துக்கு மறுதேர்வு

ஜூன் 9, திங்கள்

கணக்கில் தொண்ணூற்றாறு. உயிரியலில் தொண்ணூற்றெட்டு. இலக்கியத்தில் இருபத்தொன்பது.

தினமும் ஒரு தடவையாவது இதை மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறேன், எங்கேயோ கூட்டல் பிழை இருக்கும் என்பதுபோல. பிழை இல்லை. மறுகூட்டலுக்கும் போட்டுப் பார்த்தாச்சு. என் வகுப்பே கல்லூரிக்குப் போய்விட்டது. நான் மட்டும் ஆகஸ்டில் மறுதேர்வு எழுத வேண்டும். அதில் தேறினால் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம். இல்லாவிட்டால் ஒரு வருஷம் போச்சு.

அப்பா எலெக்ட்ரீஷியன். அவருக்கு எல்லாமே எங்கேயோ ஒரு ஒயர் கழன்ற கதைதான். "ஒரு பாடம்தானே? கோளாறு எங்கேன்னு கண்டுபிடிச்சா சரி பண்ணிடலாம்" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. திட்டினாலாவது பரவாயில்லை.

ஜூன் 11

அட்டவணை போட்டேன். உரைநடைக்கு நீலம், கவிதைக்குப் பச்சை, இலக்கணத்துக்குச் சிவப்பு, சிறுகதைக்கு ஊதா. மதியம் முழுக்க அதற்கே போய்விட்டது. அம்மா எட்டிப் பார்த்தாள். "அழகா இருக்கு. படிக்கிறதுக்கு எந்தக் கலர்?"

ஜூன் 14

வீட்டில் ஓடவில்லை. பாடத்தில் கால் பக்கம், போனில் அரை மணி. எல்லோரும் விடுதி அறை, புதுப் பை, கேன்டீன் என்று படம் படமாகப் போடுகிறார்கள். நாளை மறுநாளிலிருந்து நூலகம். போன் அம்மாவின் அலமாரியில்.

ஜூன் 17, செவ்வாய்

நூலகத்தின் வாசிப்பு அறையில் எனக்கு எதிரே ஒரு அக்கா. முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் என்னுடைய அதே பாடநூல். உதடு அசைய அசையப் படிக்கிறார். நூலகர் இரண்டு தடவை தொண்டையைச் செருமியும் அசரவில்லை. பிறகு என் புத்தகத்தைப் பார்த்து, குனிந்து, "நீயும் கோட்டை விட்டியா?" என்றார்.

சிரித்துவிட்டேன். ரிசல்ட் வந்தபிறகு சிரித்தது இன்றுதான்.

அடுத்த தெருவில் இருக்கும் பியூட்டி பார்லரில் வேலை. கல்யாணத்தால் பாதியில் நின்ற பள்ளிப்படிப்பு. மற்ற பாடங்களையெல்லாம் ஒவ்வொன்றாக எழுதித் தேறிவிட்டார், மிச்சம் இது ஒன்றுதான். தேறினால் அழகுக்கலைப் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குச் சேர்த்துக்கொள்வார்களாம். "ரெண்டு தடவை போயிடுச்சு. கவிதைன்னாலே கண்ணைக் கட்டுது" என்றார். எனக்கும்தான்.

ஜூன் 20

இன்று ஒரு விஷயம் உறைத்தது. ஒரு சிறுகதையை மூன்று தடவை படித்திருந்தேன். பக்கம் முழுக்க மஞ்சள் கோடு, கோடு போடாத வரியே இல்லை. பார்லர் அக்கா கேட்டார், "புக்கை மூடிட்டு எனக்குச் சொல்லேன். நான் இன்னும் படிக்கல."

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. யாரோ ஒருவன் எங்கேயோ போகிறான் — ஏன் போகிறான்? மூன்று தடவை படித்தவளுக்குத் தெரியவில்லை.

அவரும் படித்து முடித்ததும் அவர் முறை வந்தது. கதையை ஜோராக ஆரம்பித்தார், நடுவில் அவருடைய மாமியார் நுழைந்துவிட்டார். "அந்தம்மா அப்படியே எங்க வீட்டுக்காரர் அம்மாதான். சோத்தைப் போட்டுக்கிட்டே குத்திக்காட்டும்." கதையில் சோறே இல்லையே அக்கா என்றேன். புத்தகத்தைத் திறந்து தேடிப் பார்த்தார். "ஆமா, இல்ல" என்றார்.

ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். ஆளுக்குக் கொஞ்சம் படிப்பது, மூடுவது, மற்றவருக்குச் சொல்வது. கேட்பவர் கேள்வி மட்டும்தான் கேட்கலாம். யார் பேசுறா? யார்கிட்ட? ஏன் இப்ப? எந்த வரி அப்படிச் சொல்லுது? மறுநாள் வந்ததும் புத்தகத்தைத் தொடுவதற்கு முன்னால், நேற்றுப் படித்ததை நினைவிலிருந்து எழுத வேண்டும்.

வண்ணப் பேனாக்களைப் பென்சில் டப்பாவில் போட்டு மூடிவிட்டேன்.

ஜூன் 27

பாடத்தில் ஒரு குட்டிக் கவிதை.

மழை நின்று நேரமாயிற்று.
குடையை மடக்காமல் நிற்கிறாய்.
உன் பேருந்து போய்விட்டது.
அடுத்ததும்.

கைடில் 'குடை என்பது பாதுகாப்பின் குறியீடு' என்று போட்டிருக்கிறது. பரீட்சையிலும் அதைத்தான் எழுதினேன், சைபர் வாங்கினேன்.

"அவ மழைக்குப் பிடிக்கல. முகத்தை மறைக்கப் பிடிச்சிருக்கா. அழுதிருப்பா" என்றார் அக்கா.

"எந்த வரி சொல்லுது?"

"வரி எல்லாம் இல்ல. எனக்குத் தெரியும்."

"அப்ப மார்க்கும் இல்ல."

முறைத்தார். நான் வரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன், கணக்கில் கொடுக்கப்பட்டவை என்ன என்று பார்ப்போமே, அப்படி. பேருந்து போனது கவிதையைச் சொல்கிற ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. சரி. அடுத்ததும் போனது தெரிந்திருக்கிறது. எப்படி?

— ஐயோ! இந்த ஆளும் அங்கேயேதான் நிற்கிறான். அவனும் ஏறவில்லை.

வாசிப்பு அறை என்பதையே மறந்து கத்திவிட்டேன் போல. நூலகர் எழுந்து நின்றே விட்டார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் போய்ப் பேசக் கூடாதா? மடையன், பேசக் கூடாதா?" என்று கிசுகிசுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

இலக்கியத்துக்கு வேறு மூளை வேண்டும், அது எனக்கு இல்லை என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இன்று வேலை செய்தது கணக்குப் போடுகிற மூளைதான். ஆனால் அந்தக் குடைக்குப் பின்னால் ஒரு முகம் இருப்பது அக்கா சொல்கிறவரை எனக்குத் தெரியவில்லை.

ஜூலை 4

நேற்றைய பாடத்தை இன்று எழுதினேன். முக்கால்வாசி வந்தது. அம்மாவிடம்கூட ஒரு கதையைச் சொன்னேன், துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

ஜூலை 10, வியாழன்

மறுதேர்வு எழுதுகிற எல்லோருக்கும் பள்ளியில் வைத்த மாதிரித் தேர்வு, தாள் வந்துவிட்டது. முப்பத்திரண்டு. தேற முப்பத்தைந்து வேண்டும்.

வினாத்தாளைப் பார்த்ததும் பழகினதெல்லாம் மறந்து போச்சு. என்ன பண்ணேன்? பழையபடி கைடையே கொட்டிட்டேன். 'இக்கவிதை மனித வாழ்வின் நிலையாமையை எடுத்தியம்புகிறது.' டீச்சர் பக்கத்தில் எழுதியிருந்தார்: 'இது யார் கருத்து?'

அக்காவுக்கு இருபத்தேழு.

நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். "உங்க மாமியார் கதை கேட்டே என் நேரம் போச்சு. ஒரு பத்தி பிழையில்லாம எழுத வரல, உங்களோட உக்காந்து நான் என்ன படிக்கிறது?"ன்னு சொல்லிட்டேன். சொல்லிட்டேன். அக்கா பேனாவை மூடினார், பையை எடுத்தார், போயிட்டார். நூலகர்கூட என்னைப் பார்க்கல.

ஜூலை 14

அக்கா வரவில்லை. தனியாக நன்றாகப் படிக்கலாம் என்று நினைத்தேன். புத்தகத்தை மூடிவிட்டு யாருக்குச் சொல்வது? சுவருக்குச் சொன்னேன். சுவர் 'ஏன்' என்று கேட்காது.

ஜூலை 16

அம்மாவிடம் கேட்டுவிட்டேன். "ரிசல்ட் வந்த அன்னிக்கு ஏன் ஒண்ணுமே சொல்லல? கோவமா?"

ஆஸ்பத்திரி லேப் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "கோவமா? என்ன சொல்றதுன்னு தெரியலடி. ஏதாவது சொல்லப் போய் நீ இன்னும் உடைஞ்சுட்டீன்னா?"

ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைக் கண்டுபிடிக்க எனக்கு இத்தனை நாள்.

ஜூலை 18, வெள்ளி

பார்லருக்குப் போனேன். இரண்டு நாற்காலி, பெரிய கண்ணாடி, சாய வாசனை. கண்ணாடியிலேயே என்னைப் பார்த்தார். "உட்காரு. நுனியெல்லாம் வெடிச்சிருக்கு." கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டினார்.

"அக்கா, அன்னிக்கு நான்—"

"தலையை ஆட்டாதே. காதோரம் கத்திரி இருக்கு."

ஒரு பக்கத்தை வெட்டி முடித்தார். பிறகு சொன்னார். "நீ சொன்னது வலிச்சுது. வீட்டுக்குப் போய் என் பேப்பரை எடுத்துப் பாத்தேன். ஒரே வார்த்தையை மூணு விதமா எழுதியிருக்கேன். அது நிஜம்தான். ஆனா உன் நேரம் என்னால போச்சுன்னியே, அது நிஜமா?"

"இல்லக்கா. பயந்துட்டேன். என் பேப்பர்ல இருக்கிற நல்ல மார்க்கு எல்லாமே நாம பேசினதுக்குத்தான் கிடைச்சுது."

அவர் சீப்பைத் தட்டினார். "அந்தக் கடைசிக் கதையில, அவன் அண்ணன் வீட்டு வாசல்வரைக்கும் போய்ட்டு கதவைத் தட்டாம ஏன் திரும்புறான்?"

"தட்டினா திறந்துடுவாங்களோன்னு பயம்."

"எந்த வரி சொல்லுது?"

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து, தும்மலாக முடிந்தது. முன்பக்க முடி ஒரு பக்கம் கொஞ்சம் ஏறிவிட்டது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஜூலை 26

நான் அவருக்குச் சொல்லிக்கொடுப்பது எழுத்து: சின்ன வாக்கியம், ஒரு கருத்து, அதற்கு ஒரு வரி சான்று. அவர் எனக்கு: "அவசரப்படாதே டாக்டரம்மா, முதல்ல அந்த ஆளு மேல கொஞ்சம் இரக்கப்படு." இன்று மாமியார் இரண்டே தடவைதான் வந்தார்.

ஆகஸ்ட் 4

ஒன்பது மணிக்குப் படுக்கை. புதிதாக எதையும் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

எழுதியாச்சு.

இதுவரை பார்க்காத கவிதை ஒன்று கொடுத்திருந்தார்கள். வாடகை வீட்டைக் காலி செய்யும் பெண் வீட்டுக்காரரிடம் சாவியைத் தருகிறாள். கடைசி வரி: 'வாங்கிய சாவி இன்னும் சூடாக இருந்தது.' மறுபடி கைடு வாக்கியம்தான் முதலில் வந்தது. பேனாவைக் கீழே வைத்தேன். யார் பேசுவது? வாங்கிக்கொண்டவர். சாவி ஏன் சூடு? அவ்வளவு நேரம் இறுக்கிப் பிடித்திருக்கிறாள். 'இன்னும்' என்ற சொல்தான் சான்று. அதை எழுதினேன். கைடில் இல்லாத முதல் பதில்.

மூன்று வரிசைக்கு முன்னால் அக்கா. கூடுதல் தாள் கேட்டுக் கையை உயர்த்தினார். என் நெஞ்சு என் பேப்பருக்கு அடித்துக்கொண்டதைவிட அதற்குத்தான் அதிகமாக அடித்துக்கொண்டது.

செப்டம்பர் 2

ஐம்பத்தெட்டு!

அக்காவுக்கு அறுபத்தொன்று. போனில் மூச்சு வாங்கியது. பிறகு, "உன்னைவிட மூணு அதிகம்" என்றார். அப்பாவிடம் போனைக் கொடுத்தேன், அவரிடமும் அதையே சொன்னார். அடுத்த மாதம் பயிற்சிப் பள்ளியில் சேர்கிறார். மாமியார்தான் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாராம்.

நவம்பர் 21, வெள்ளி

கல்லூரி மருத்துவமனையில் முதல் வருஷத்துக்காரர்கள் ஓரமாக நின்று பார்க்க மட்டும்தான் அனுமதி. இன்று ஒருவர் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெரிய மனிதர், கம்பெனிப் பெயர் போட்ட சட்டை. "ஒண்ணும் பெரிசா இல்ல டாக்டர். சாப்பிட மாட்டேங்குது. வாசல்லயே படுத்துக் கிடக்கு. சும்மா காட்டிட்டுப் போலாம்னு."

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். அந்த ஆள் நாயைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேசக் கூடாது என்று தெரியும். ஆனாலும் கேட்டேன். "வாசல்ல யாருக்காகக் காத்திட்டிருக்கு சார்?"

அவர் சுவரை விட்டு நாயின் பக்கம் திரும்பினார். பிறகு, "என் பொண்ணு" என்றார். "வெளியூர்ல வேலை கிடைச்சுப் போயிட்டா." நாயின் தலையில் கையை வைத்தார். "நாங்களும் சரியாச் சாப்பிடறதில்ல."

டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு நாற்காலியை இழுத்து அந்த மனிதருக்குப் போடச் சொன்னார்.