புரட்டாசியில் மூடிக்கொண்ட பவளம்

செப்டம்பர் 24, புதன்

புழுக்கம். மழை வருவதுபோல் காட்டிவிட்டு ஏமாற்றிவிட்டது. ஊர் முழுக்க பிரம்மோற்சவக் கூட்டம். ரேணிகுண்டா பட்டறையிலிருந்து வீடு வந்து சேர ஒரு பஸ், ஒரு ஆட்டோ, மீதி நடை.

ஹாலில் இருக்கும் கடல்நீர் மீன்தொட்டியின் அளவு: கே.ஹெச். (காரத்தன்மை) 9.4. கால்சியம் 430. மக்னீசியம் 1320. உப்பு 1.025.

கே.ஹெச். மட்டும் இடிக்கிறது. எப்போதும் எட்டை ஒட்டியே நிற்கும். பவளமும் நத்தையும் எடுத்துக்கொள்வதை ஈடுகட்டத்தான் தினமும் சோடாக் கரைசல் விடுகிறேன். விடும் அளவை மாற்றவில்லை. பிறகு ஏன் ஏறுகிறது? எடுத்துக்கொள்ள வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

பெரிய தோல் பவளம் போன சனிக்கிழமையிலிருந்து சுருங்கிக் கிடக்கிறது. நகரியை விட்டு இங்கே குடிவந்த வருடம் வாங்கியது. அப்போது கட்டைவிரல் அளவு, இப்போது சாப்பாட்டுத் தட்டு அளவுக் காளான். அது விரிந்து ஆடும்போதுதான் அழகு. இப்போது பார்த்தால் பழைய செருப்பு.

புவனா தூங்குது விடுங்க என்றாள். நாள் கணக்கில் தூங்க அது என்ன என் மச்சானா? அவள் தம்பியைச் சொன்னதில் கோபம். தோசை ஒன்றோடு நின்றது.

மீனுக்குப் போடும் உறைந்த இறாலுக்குப் புரட்டாசி முழுக்க ஃப்ரிட்ஜில் இடமில்லையாம். தெர்மாகோல் பெட்டி, பால்கனி. ஐஸ் வாங்க வேண்டும்.

செப்டம்பர் 26, வெள்ளி

நத்தை இரண்டு மணலில் மல்லாந்து கிடந்தன. எடுத்து மோந்தேன். ஐயோ. மீன்களுக்கு ஒரு குறையும் இல்லை, ஜோராகச் சுற்றுகின்றன.

கே.ஹெச். 9.7. சோடாவை நிறுத்திவிட்டேன். மற்ற அளவெல்லாம் சரி. எல்லாம் சரியாக இருந்து சாவது என்ன நியாயம்?

சந்தேகம்: சாம்பிராணி. ஊதுபத்தி. கொசு ஸ்பிரே. ஆர்.ஓ. தண்ணீர் (பார்த்தேன், டி.டி.எஸ். சுழி, நிரபராதி). சோடா விடும் பம்பு. பு.

கடைசிப் பெயரை எழுதியிருக்கக் கூடாது. ஆனால் பம்பைக் கழுவுகிறேன் என்று குமிழைத் திருப்பியிருப்பாளோ என்றுதான் மனது போகிறது. கேட்டும்விட்டேன். தொட்டியின் பக்கமே போகவில்லை என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். பொய் சொன்னால் அவளுக்குக் காது சிவக்கும். சிவந்தது.

அப்புறம் புகை பற்றிப் பேச்சு. ஒரு மாதம் விரதம் இருப்பவள் வீட்டை ஏன் செங்கல் சூளை ஆக்க வேண்டும் என்றேன். பூஜைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள், தேவைக்கு மேல் சத்தமாக.

செப்டம்பர் 27, சனி

இரண்டாம் சனிக்கிழமை. வீட்டில் மாவிளக்கு, எனக்கு டூட்டி.

மாலை வந்து பார்த்தால் தொட்டியில் வளரும் இறால் செத்துப்போயிருந்தது. வெள்ளை மீசை இறால், கையை உள்ளே விட்டால் நகம் சுத்தம் செய்யும். பாறை இடுக்கில் அப்படியே கிடந்தது. தோல் பவளத்தின் ஓரத்தில் ஒரு ரூபாய் அளவுக்குக் கறுப்பு.

சென்னையில் நான் பவளம் வாங்கும் கடையின் பாஷா பாய்க்குப் போன். எல்லா அளவையும் ஒப்பித்தேன். அவர் அதை விட்டுவிட்டு, மீன் எப்படி என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன்.

"மீனு நல்லாகீது, நத்தையும் எறாவும் மட்டும் போவுதுன்னா காப்பர் பாருங்க சார். அதுங்களுக்கு அது வெசம்."

செம்பு எங்கிருந்து வரும்? தொட்டிக்குள் ஒரு ஆணிகூட இல்லை. இருந்தாலும் சோதிக்கும் மருந்தை ராத்திரி பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னேன். கூரியரை நம்பினால் இந்தக் கூட்டத்தில் தீபாவளிக்குத்தான் வரும்.

சாப்பிடப் பிடிக்கவில்லை. புவனாவும் சாப்பிடவில்லை. தொட்டி விளக்கு அணையும்வரை இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். மற்ற நேரமெல்லாம் அவளுக்கு சீரியல், எனக்கு கிரிக்கெட், தனித்தனி போன். இந்த வீட்டில் நாங்கள் சேர்ந்து பார்ப்பது இந்தப் பவளம் ஒன்றைத்தான். இது போனால் சாப்பிட்ட பிறகு எதன் எதிரே உட்காருவோம் என்று நினைத்தேன். பயமாக இருந்தது.

அது பிழைக்க வேண்டும் என்று பெருமாளிடம் வேண்டிக்கொண்டிருக்கிறாளாம். நல்லது, வேண்டிக்கொள் என்றேன். கிண்டலாகத்தான்.

செப்டம்பர் 28, ஞாயிறு

காலை பஸ் ஸ்டாண்டில் பார்சல் வாங்கிவந்தேன். சொட்டு விட்டு, குலுக்கி, காத்திருந்து பார்த்தேன். நிறம் மாறியது. செம்பு இருக்கிறது. இன்னொரு முறை செய்தேன். இருக்கிறது.

மோட்டாரைக் கழற்றினேன். ஹீட்டர், குழாய், விளக்குத் தாங்கி எல்லாம் தரையில். ஒன்றிலும் செம்பு இல்லை. ஸ்குரூடிரைவர் எடுக்க உள்ளே போய்த் திரும்பினேன்.

புவனா ஸ்டூல் மேல் நின்றிருந்தாள். தலையில் ஈரத் துண்டு. பூஜைச் செம்பை இரண்டு கையாலும் பிடித்துத் தொட்டிக்குள் ஊற்றிக்கொண்டிருந்தாள். கண் மூடி, உதடு மட்டும் அசைந்தது.

கூப்பிட்டேன். இறங்கினாள். காது சிவந்தது.

"தீர்த்தங்க. கால்ல மிதிபடக் கூடாது. நகரியில இருந்தா செடிக்கு ஊத்திடுவோம். மூணாவது மாடியில எங்க ஊத்தறது? இதுதான் சுத்தமா இருந்துச்சு." நிறுத்திவிட்டு, "அது வாடிக்கினு வர்றதப் பாத்து நேத்துலேந்து ரெண்டு வேளையும் ஊத்தறேன்" என்றாள்.

புரட்டாசி பிறந்ததிலிருந்து தினமும் ஒரு செம்பு. புளியில் தேய்த்துப் பளபளவென்றிருக்கும் தாமிரச் செம்பில், துளசி போட்டு, ராத்திரி முழுக்க ஊறிய தண்ணீர். அது வாட வாட அதிகமாக ஊற்றியிருக்கிறாள்.

சோதனைக் குழாய் என் கையில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு செம்பைப் பார்த்தாள்.

"நான் ஊத்துனதாலயா?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல? ஆனால் சொன்ன குரல் சரியில்லை. பட்டறையில் கோணல் உருப்படியைத் தள்ளி வைக்கும் குரல். அவள் செம்பைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டுவிட்டாள்.

செப்டம்பர் 30, செவ்வாய்

மழை. மூன்று முறை கரண்ட் போனது, பேட்டரி தாங்கியது.

பாதித் தண்ணீர் மாற்றினேன். கரிப் பை, செம்பை உறிஞ்சும் பஞ்சு இரண்டும் போட்டாயிற்று. செம்பு குறைகிறது. கே.ஹெச். 8.5. பவளத்தின் கறுத்த ஓரத்தை பிளேடால் அறுத்தேன். அறுக்கும்போது எனக்கு வலித்தது, உண்மையாகவே.

புவனா சமைக்கிறாள், பரிமாறுகிறாள், பேசுவதில்லை. பூஜை அலமாரி சாத்தியிருக்கிறது. மணி இல்லை, புகை இல்லை. நான் நிறுத்தச் சொன்னது தண்ணீரை. சாமியை நிறுத்தச் சொல்லவில்லையே.

அக்டோபர் 1, புதன்

பட்டறையில் ஆயுத பூஜை. மைக்ரோமீட்டருக்குக் குங்குமம் வைத்தார்கள், பொரி கொடுத்தார்கள். வாயை மூடிக்கொண்டு தின்றேன். அங்கே ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. என் நக்கலெல்லாம் வீட்டில்தான்.

அக்டோபர் 2, வியாழன்

செம்பு சுழி.

பவளத்தின்மேல் மெழுகு மாதிரி ஒரு தோல் படிந்திருக்கிறது. பிழைக்கிற பவளமும் பழைய தோலை இப்படித்தான் உரிக்குமாம், அழுகப் போவதும் முதலில் இப்படித்தான் இருக்குமாம். பாஷா பாய் காத்திருக்கச் சொல்கிறார். நல்ல வைத்தியம்.

சாயங்காலம் புவனா ஹாலில் தள்ளி நின்றே தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வாரத்தில் முதல் பேச்சு:

"நான் கிட்ட வந்தா அதுக்கு ஒண்ணும் ஆவாதில்ல?"

வா என்றேன். அவள் வந்தாள், ஆனால் கையைக் கட்டிக்கொண்டு.

அக்டோபர் 4, சனி

மூன்றாம் சனிக்கிழமை. லீவு போட்டேன்.

காலையில் அந்த மெழுகுத் தோல் கிழிந்து நீரோட்டத்தில் ஆடியது. அடியில் வெளிர் மஞ்சள் சதை. நடுவில் குட்டி விரல்கள் வெளியே வந்திருந்தன. ஓரத்தில் இன்னும் இல்லை. கத்திக் கூப்பிட்டேன். வந்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். மாவிளக்குக்கு அரிசி ஊறப் போடவில்லை. அலமாரியும் திறக்கவில்லை.

குளித்தேன். கடைக்குப் போய் துளசி, திரி, பச்சைக் கற்பூரம். நானே அலமாரியைத் திறந்தேன். எவர்சில்வர் டம்ளரில் ஆர்.ஓ. தண்ணீர் வைத்தேன். மந்திரம் தெரியாது, கோவிந்தா என்று சில முறை சொன்னேன். மணி அடித்தபோது அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

முடித்துவிட்டு டம்ளரோடு ஹாலில் நின்றேன். எல்லாவற்றையும் அளந்து செய்கிறவனுக்கு இதை எங்கே ஊற்றுவது என்று தெரியவில்லை. அவள் வாசற்படியில் வந்து நின்றிருந்தாள். என்ன செய்ய என்று கேட்டேன்.

டம்ளரை வாங்கி அண்ணாந்து பாதி குடித்தாள். மீதியை என்னிடம் நீட்டினாள்.

"குடிங்க. மீந்தாதான வம்பு."

குடித்தேன். பச்சைக் கற்பூரம் அதிகமாகப் போட்டுவிட்டேன், தொண்டை எரிந்தது. அவளுக்கும் எரிந்திருக்கும்.