புரோகிராம் யாருக்குச் சொந்தம்

ஆகஸ்ட் 1987, புதன் இரவு

இன்று காதர் பாய்க்கு வக்கீலாக இருந்துகொண்டே எதிர்த்தரப்புக்காகவும் பேசிவிட்டேன். வில்லியனூரில் இருக்கும் அவருடைய அரிசி ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. அதில் நெல் இருப்பைப் பார்ப்பதற்கான புரோகிராமை ஒதியம்பட்டு இளங்கோ எழுதியிருக்கிறான். இரண்டு வருட உழைப்பு. பாய் சொன்னபடியே ஒப்பந்தம் தயாரித்திருந்தேன். புரோகிராம் ஆலைக்கே சொந்தம், அவன் அதை வேறு யாருக்கும் விற்கக் கூடாது.

இளங்கோ படித்தான். முகம் வாடிப்போனது. ஆனாலும் பேனாவைத் திறந்தான். அவனுக்குக் கிடைத்த முதல் ஆர்டர் இதுதான்.

என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "கொஞ்சம் இருப்பா," என்றேன். "பாய், இவரு இத வேற மில்லுக்கு வித்தா உங்களுக்கு இன்னா நஷ்டம்?"

"என் சரக்குக் கணக்கு அடுத்த மில்லுக்காரனுக்குத் தெரிஞ்சிடுமே வக்கீலம்மா!"

"கணக்கு வேற, புரோகிராம் வேற பாய்," என்றான் இளங்கோ. "உங்க கணக்கு உங்ககிட்டயேதான் இருக்கும். நான் வெளிய எடுத்துட்டுப் போவவே மாட்டேன்."

பாய் ஒப்பந்தத்தை என் பக்கம் தள்ளினார். "அப்ப அதயே எழுதும்மா. கணக்கு என்னுது, புரோகிராம் அவனுது."

திருத்தி எழுதினேன். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

இளங்கோ போன பிறகு பாய் கேட்டார்: "நீ எனக்கு வக்கீலா, அவனுக்கா?"

கோபமாகக் கேட்கவில்லை. நான் ஒப்பந்தத்தை மடித்து உறைக்குள் வைத்தேன். அடுத்த வேலைக்கு என்னைக் கூப்பிடுவாரோ, மாட்டாரோ. இளங்கோ இந்நேரம் நிம்மதியாகத் தூங்கியிருப்பான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.