மாடி வீட்டுச் சத்தம்

ஜூலை 8, செவ்வாய்

காலையில் தூறல். வெளிவட்டச் சாலையில் சைக்கிள் பயிற்சி. மேம்பாலம் ஏறும்போது கவிதா என்னைத் தாண்டிப் போனாள். தாண்டியதுகூடப் பரவாயில்லை. திரும்பிப் பார்த்து, "அக்கா, மூச்சு வாங்குதா?" என்றாள். அதுதான் வயிற்றெரிச்சல்.

குவார்ட்டர்ஸில் எனக்கு நேர் மேல் வீடு. போன வருடம்வரை கியர் மாற்றத் தெரியாது அவளுக்கு. கற்றுக்கொடுத்தவள் நான். இப்போது வீட்டுக்குள்ளேயே சைக்கிள் மிதிக்க அவள் கணவர் ரோலர் வாங்கித் தந்திருக்கிறார். என் வீட்டுக்காரர் தந்தது ஒரு தண்ணீர் பாட்டில். அதுவும் ஆபீஸில் சும்மா கொடுத்தது.

ஞாயிறு தேர்வு. மூத்தோர் மாநிலப் போட்டிக்கு எங்கள் கிளப்பிலிருந்து ஒரே ஒரு பெண். நான், கவிதா, பூந்தமல்லி மும்தாஜ். மும்தாஜைப் பற்றிக் கவலையில்லை.

வாங்க: செயின் ஆயில், வாழைப்பழம்.

ஜூலை 9, புதன்

ஓய்வு நாள். கோச் அண்ணன் நேற்றே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "ரெஸ்ட் நாள்ல வண்டிய தொடாதீங்க. மிதிக்கசொல்லோ காலுக்கு பலம் ஏறாதுமா, தூங்கசொல்லோதான் ஏறும்."

சாயங்காலம் காலைச் சுவரில் தூக்கிப் போட்டுப் படுத்திருந்தேன். மேலே உர்ர்ர் என்று சத்தம். விடாமல். கள்ளி! ரோலர் மிதிக்கிறாள். 'நல்லா ரெஸ்ட் எடுங்க அக்கா' என்று காலையில் எனக்கு மெசேஜ் வேறு.

படுக்க முடியவில்லை. ஷூ மாட்டினேன்.

"ரெஸ்ட்னு சொன்னியே?" வீட்டுக்காரர்.

"கறிவேப்பிலை வாங்கப் போறேன்."

ஹெல்மெட்டோடு கறிவேப்பிலை. கோவில்பதாகைப் பக்கம் வெறி பிடித்தவள் மாதிரி மிதித்தேன். கறிவேப்பிலை வாங்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

மறுபடி ஓய்வு நாள். எழுந்ததுமே நாடித்துடிப்பு அதிகம். தொடை கல்லாகக் கிடக்கிறது. சாயங்காலம் மேலே மறுபடி உர்ர். புதனைவிட அதிக நேரம். விடுவேனா? பட்டாபிராம்வரை போய் வந்தேன்.

திரும்பும்போது கவிதா படியில் கைப்பிடியைப் பிடித்து மெல்ல இறங்கினாள். நடிப்பு.

ஜூலை 13, ஞாயிறு

எதிர்காற்று. பாதி தூரத்திலேயே கால் செத்துப்போச்சு. மும்தாஜ் முதல். "ரெண்டு நாளும் ஊட்ல நல்லா தூங்கிகினு கெடந்தேன்கா," என்று சிரிக்கிறாள். கவிதா இரண்டு. நான் மூன்று. மூன்று பேரில்.

கவிதாவுக்கும் கிடைக்கவில்லை என்று கொஞ்சம் சந்தோஷம். என்னை முந்திவிட்டாளே என்று அதுவும் போச்சு.

கோச் அண்ணன் எங்கள் இருவரையும் முறைத்தார். "இன்னாமா, ரெஸ்ட் நாள்ல வண்டிய தொட்டீங்களா?"

"இல்லண்ணே." இருவரும் ஒரே நேரத்தில்.

ஆகஸ்டில் இன்னொரு போட்டிக்குத் தேர்வாம். அப்போதும் ஒரே இடம்.

வரும் வழியில் டீக்கடையில் கேட்டேவிட்டேன். "புதன்கிழமை ரோலர் மிதிச்சல்ல?"

"புதன்கிழமையா? அத்தை மாவாட்டினாங்க அக்கா. கிரைண்டர் சத்தம்."

"வெள்ளிக்கிழமை?"

டீயையே பார்த்தாள். "அன்னிக்கு நான்தான். புதன்கிழமை நீங்க ஷூ மாட்டிக்கிட்டுக் கிளம்பினத பால்கனியிலேருந்து பாத்தேன். அப்புறம் எப்படிக்கா தூக்கம் வரும்?"

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. இனி ஓய்வு நாளில் ஓய்வு மட்டுமே என்று கையில் அடித்துச் சத்தியம். நல்ல பெண்தான். நான்தான் கண்டதையும் நினைத்திருக்கிறேன்.

ஜூலை 16, புதன்

மேகமூட்டம். ஓய்வு நாள். சாயங்காலம் மேலே உர்ர். கிரைண்டர்தானே. நிம்மதியாகப் படுத்தேன். கொஞ்சம் கண்கூட அசந்தது.

கதவு தட்டும் சத்தம். கவிதாவின் மாமியார், கையில் தூக்கு.

"இந்தாம்மா, இட்லி மாவு. கவிதா குடுக்கச் சொன்னா. இப்பதான் ஆட்டி முடிச்சு, கிரைண்டரையும் கழுவி வெச்சுட்டு வரேன்."

வாங்கி மேடைமேல் வைத்தேன். மாமியார் எதிர் வீட்டு வாசலில் பேசிக்கொண்டிருக்கிறார். மேலே சத்தம் இன்னும் நிற்கவில்லை.

என் ஷூ எங்கே?