குழிக்குள் ஒரு மீசை

பியாசென்சா,
ஜனவரி, 1874

அன்புத் தங்கை பியெரினாவுக்கு,

நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் நலமா? இங்கே ஊரெல்லாம் மூடுபனி. மனம் நிலைகொள்ளாமல் உட்கார முடியவில்லை. நின்றபடி எழுதுகிறேன்.

அன்செல்மோ போய்விட்டார். மார்ச்சளி. அப்பா காலத்திலிருந்து மேடை விளிம்புக் குழிக்குள் உட்கார்ந்து நமக்கு வசனம் எடுத்துக்கொடுத்தவர். தினம் ஒரு நாடகம் போடுகிற நமக்கு அவரில்லாமல் ஒரு வரி ஏது?

இப்போது கஸ்பரே என்று ஒருவன். நல்லவன்தான். ஆனால் மீசை. உதட்டையே மூடும் மீசை.

எடுக்கச் சொன்னேன். "மீசைய எடுக்கணும்னா கழுத்தையும் சேத்து எடுக்கச் சொல்லுங்க" என்றானாம். எனக்கு உடுத்திவிடும் நோரினா எதிரே வந்து நின்று சொன்னாள். முதலாளி வேறு, "போன வருஷம் திரை கலரு பிடிக்கல, இந்த வருஷம் மீசையா? அடுத்த வருஷம் யாரு மூக்கும்மா?" என்றார். கம்பெனியே சிரித்தது.

சிரிக்கட்டும். கிறுக்கு என்று நினைக்கும்வரை நல்லது.

என் வலது காது மந்தமானது உனக்குத் தெரியும். இடது காதைக் குழிப்பக்கம் திருப்பத்தான் மேடையில் அப்படி அலைந்தேன். பத்திரிகைக்காரர்கள் 'நிற்கத் தெரியாத நெருப்பு' என்று எழுதினார்கள். சின்னப் பெண்கள் அந்த நடையைப் பழகுகிறார்கள், பாவம். பிறகு இடது காதும் போனது, அலைந்தும் பயனில்லை. அன்செல்மோவின் உதட்டைப் பார்த்தே பேசினேன். தினமும் சவரம் செய்துகொண்டு வருவார். உதட்டை ஏன் பார்க்கிறேன் என்று ஒருநாளும் நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஞாயிறன்று மூன்றாம் அங்கத்தில் வசனம் மறந்து நின்றுபோனேன். குழிக்குள் மீசை அசைந்தது. அவ்வளவுதான். அழுதபடி நடந்தேன். நடிப்பென்று நினைத்தார்கள் போல. எதிரே எல்லார் கைகளும் தட்டி அசைந்தன.

தவக்காலம் பிறந்தால் புது ஒப்பந்தம். அதற்குள் வெளியே தெரிந்தால் கிழவி வேடம்கூடக் கிடைக்காது. எனக்கு வேறென்ன தெரியும், சொல்?

தவக்காலத்துக்கு முந்தின இந்தக் கார்னிவல் கொண்டாட்டம் முடியும்வரை வந்து அந்தக் குழிக்குள் உட்கார். சிறுவயதில் பூசை நேரத்தில் சத்தமில்லாமல் உதட்டை அசைத்தே கதை பேசி, அப்பாவிடம் அடி வாங்கினோமே. அதுதான் வேலை. கஸ்பரே வேண்டாம், தங்கைதான் வேண்டும் என்று முதலாளியிடம் அடம்பிடிக்கிறேன். என் கிறுக்குகளில் இன்னொன்று. உன் வீட்டுக்காரரிடம் எனக்குக் காய்ச்சல் என்று சொல்.

கடவுள் உன் பிள்ளைகளைக் காக்கட்டும். ரயிலடிக்கு நானே வருவேன். கூட்டத்தில் பின்னாலிருந்து கூப்பிடாதே, பியெரி. முன்னால் வந்து நில்.

உன் அக்கா,
எர்சீலியா